மறுமுனைக்குத் தெரியாதது

புகார் இரண்டே வரி. "நோயாளிக்கு எல்லா நினைவும் இருக்கிறது. ஆனால் எல்லாமே இன்றைக்கு நடந்ததாகச் சொல்கிறார்." அதற்குக் கீழே பியூலாவின் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் பதில் எழுதி, புகாரை மூடியும் விட்டிருந்தான்: "பரிமாற்றம் முழுமையாக முடிந்தது. பிழை எதுவும் இல்லை."

பியூலா திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பதிலைத்தான். 'பரிமாற்றம் முழுமையாக முடிந்தது' என்ற வாக்கியத்தை மென்பொருளுக்குள் எழுதிவைத்தவளே அவள்தான். மூன்று வருடங்களுக்கு முன் எழுதியது. அது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

மூளையில் கட்டி என்று வந்தால், கத்தி வைப்பதற்கு முன் நினைவுகளையெல்லாம் ஓர் எந்திரத்தில் இறக்கி வைத்து, புண் ஆறியபின் திரும்ப ஏற்றுவது இப்போது சாதாரண வைத்தியமாகிவிட்டது. இறக்குவது சென்னையில். ஏற்றுவதற்கு ஒன்பது நாள் பிடிக்கும் என்பதால், சொந்த ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. சென்னை எந்திரம் அனுப்பும், ஊர் எந்திரம் வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் பேச்சு நடத்திவைக்கிற தரகு வேலைதான் பியூலாவின் மென்பொருளுக்கு.

ஊர் எந்திரம் எந்தக் காலத்தது என்று தேடிப் பார்த்தாள். பதினோரு வருடப் பழசு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"போய்ப் பாருங்க," என்றார் மேலாளர் ரகோத்தமன். "ஆனா 'தப்பு'ங்கிற வார்த்தைய மட்டும் வாயில வரவிடாதீங்க. 'வரம்பு'ன்னு சொல்லுங்க. வக்கீல் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

கீழப்பாறைக்குளம் தெற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. பியூலாவும் பாளையங்கோட்டைப் பக்கம்தான் என்பதால் வழி கேட்பதில் சிரமமில்லை. முற்பகல் பதினொரு மணிக்கு அவள் போனபோது ஆவுடையப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். அறுபத்திரண்டு வயது. தேய்த்த சட்டை, பையில் ஒரு பேனா, கையில் சின்ன நோட்டு. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷர் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அசையாத தரையில்கூட ஒரு காலை அகட்டி ஊன்றித்தான் நின்றார்.

"வாங்க தாயி, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னைக்குத்தான் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு." முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே உள்ளே திரும்பி, "ஏளா, சென்னையிலேருந்து ஆளு வந்திருக்கு, காப்பி போடு" என்றவர், திரும்புவதற்குள் முகம் கலங்கிவிட்டார். "காப்பி எங்கிட்டுப் போடுவா. காலையிலதான புள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்தோம்."

உள்ளிருந்து அவர் மனைவி கோமதி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, "நோட்டப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் நோட்டைப் புரட்டினார். விரலால் ஒரு வரியைத் தொட்டார். "ஆமா. சங்கரி. நாப்பத்தோராவது ஸ்டேஜ். பத்தொன்பது வருஷம் ஆச்சு." பியூலாவைப் பார்த்தார். "நோட்டு பத்தொன்பது வருஷம்னு சொல்லுது தாயி. நெஞ்சு இன்னைக்குத்தான்னு சொல்லுது. நான் யார நம்புவேன்?"

நோட்டு அவருடைய கண்டுபிடிப்பு. பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் அதுவரை கிழித்த டிக்கெட் நம்பரைத் தாளில் குறித்துவிட வேண்டும். மெஷின் வந்து தானே எல்லாம் பதிகிற காலத்திலும் அவர் தாளில் குறிப்பதை விடவில்லை. இப்போது தன் வாழ்க்கையையே அப்படி ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்து எழுதிவந்தார். ஏதாவது ஞாபகம் வந்தால் மனைவியைக் கேட்பார்: "ஏளா, இது எந்த ஸ்டேஜ்?" அவள் சொல்வாள், அவர் குறித்துக்கொள்வார். அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பாக எழுதியிருந்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான நம்பர், அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. கோட்டுக்கு அடியில் தப்பும் படிக்கத் தெரிய வேண்டும். அது டிப்போவில் பழகிய ஒழுங்கு.

"ஏளா, நீ நீலச் சேல கட்டிக்கிட்டு மொத தடவ என் பஸ்ல ஏறினியே, அது?"

"மூணாவது ஸ்டேஜ். எழுதியாச்சு, பாருங்க. தெனம் கேக்குதிய அதை."

அவர் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். புதுமாப்பிள்ளையின் வெட்கம். பியூலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அடுக்களையில் வைத்துத்தான் கோமதியிடம் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. கோமதிக்கு ஐம்பத்தாறு வயது. நின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு எந்திரமும் ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கும். உனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்னு. சென்னையில இருக்கது புதுசு. படம், சத்தம், வாசனை, தொடுறது, அது நடந்த தேதி, எல்லாம் அதுக்குத் தெரியும். இங்க இருக்கது பழசு. அதுக்கு தேதின்னா என்னன்னே தெரியாது."

"தெரியாதத என்ன செய்விய?"

"விட்டுட்டு மிச்சத்த அனுப்புவோம். அதான் வழக்கம். இல்லன்னா பழைய எந்திரத்துக்கு எதுவுமே அனுப்ப முடியாதே."

"சரி. விட்டுட்டோம்னு சொல்ல மாட்டியளா?"

பியூலா அடுப்பைப் பார்த்தாள். மூன்று வருடங்களுக்கு முன்பு வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 'மறுமுனைக்குத் தெரியாதவை' என்று ஒரு நீளப் பட்டியல் திரையில் வரும். பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத சின்னச் சமாசாரங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நாற்பது வரி. படித்துப் படித்துப் பார்த்த ஆஸ்பத்திரி ஆட்கள் ஒருநாள் படிப்பதை நிறுத்திவிட்டு, தொல்லை தாங்கவில்லை என்று புகார் எழுதினார்கள். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள், பட்டியலை எடுத்துவிடலாம் என்று. எடுத்தது பியூலா. அந்த இடம் காலியாக இருந்தால் நன்றாக இராது என்று 'முழுமையாக முடிந்தது' என எழுதினாள். பச்சை நிறத்தில். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

"முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்தோம். நான்தான் எடுத்தேன். தேதி விட்டுப்போகும்னு யோசிக்கல. தேதி இல்லாத நெனப்ப மூளை இன்னைக்கு நடந்ததாத்தான் எடுத்துக்கும்னு எனக்குத் தெரியாது." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் மேலதான் தப்பு."

வக்கீல் கேட்டிருந்தால் அங்கேயே படுத்திருப்பார். கோமதி மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ரொம்ப நாளாக யாரும் அவளிடம் சொல்லாத ஒன்றைக் கேட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். நெனப்பு மொத்தமும் வந்து சேர்ந்ததும் சென்னையில அழிச்சிருவாங்க, அது சட்டம். ஆனா எது எந்தத் தேதின்னு ஒரு பட்டியல் மட்டும் ஒரு வருஷம் இருக்கும். பழைய எந்திரத்துக்குத் தேதின்னா என்னன்னு கத்துக்குடுத்துட்டு, அந்தத் தேதிகள மட்டும் அனுப்பணும். அதுக்கு முன்னாடி பட்டியல் சரியா இருக்கான்னு ஒத்துப் பாக்கணும். அண்ணாச்சியோட நோட்டு கெடைச்சா அதவெச்சே பாத்துருவேன்."

கோமதி உலையில் அரிசியைப் போட்டாள், தீயைக் குறைத்தாள். "நோட்டு எதுக்கு? அது நான் சொல்லச் சொல்ல அவுக எழுதினது. எனக்கும் வயசாவுது. அங்கங்க தப்பு இருக்கும்."

"ஒண்ணு ரெண்டு இருந்தா பரவால்லக்கா."

கோமதி கையைத் துடைத்துக்கொண்டு, அவரிடமிருந்து நோட்டை வாங்கிவரப் போனாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எந்திர அறையில் உட்கார்ந்து பியூலா ஒத்துப் பார்த்தாள். பட்டியலில் ஒவ்வொரு நினைவுக்கும் தேதியும், எந்த இடம், யார், என்ன பேச்சு என்று எந்திரம் தானே எழுதிக்கொண்ட குறிப்பும் இருந்தன. நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. கோமதிக்கு வயசாகிறதாவது ஒன்றாவது. ஒரு மாதம்கூட முன்னே பின்னே போகவில்லை. கல்யாணம், சங்கரி பிறந்தது, அவள் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அழாமல் போய் இவர் அழுதது, ஒன்பது வயதில் அவளுக்கு வந்த காய்ச்சல், எல்லாம் அப்படியே பொருந்தின.

ஒரு வரிதான் பொருந்தவில்லை.

நாற்பத்தோராவது ஸ்டேஜ். 'சங்கரி போன அன்று. ஆஸ்பத்திரி வராந்தா. உன் மேல் தப்பில்லை கோமதி என்று நான் சொன்னது.'

பட்டியலில் அந்த நாளுக்கு எட்டுக் குறிப்புகள் இருந்தன. கடைசிக் குறிப்பில் வராந்தா இருந்தது, கோமதியும் இருந்தாள். பேச்சு மட்டும் வேறு: 'ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்ல.'

அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் இல்லை. எங்கேயாவது தேதி மாறிப் போயிருக்கலாம் என்று முழுப் பட்டியலிலும் தேடினாள். 'தப்பில்லை' என்று அவர் கோமதியிடம் சொன்னதாக எங்கும் இல்லை. சரி, சங்கரியைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டது என்று தேடினாள். வராந்தாவுக்குப் பிறகு பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு குறிப்புகூட வரவில்லை. சாப்பாடு, கரண்ட், கல்யாண வீடு, மழை, மருந்து என்று மனுஷர் எல்லாம் பேசியிருக்கிறார். அதைத் தவிர எல்லாம்.

மத்தியானம் கோமதி அவளுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தாள். நோட்டு எந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது என்று பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"ஆமாக்கா."

"சாதாக் காய்ச்சல்னு நெனச்சேன் யம்மா. கஷாயம் குடுத்தேன். அவுக டூட்டிக்குப் போயிருந்தாவ. மறுநா கொண்டு போகையில டெங்கு முத்திட்டுன்னுட்டாவ." அழவில்லை. பலதரம் தனக்குத்தானே சொல்லிப் பழகிய குரல். "வராந்தாவுல வச்சு அந்த ஒரு வார்த்தை சொன்னாவ. பொறவு பேசவே இல்ல. நல்ல மனுசன், ஒரு நா கை ஓங்கினதில்ல, சாப்பாட்டக் குறை சொன்னதில்ல. ஆனா அதப் பேசல."

"அப்போ இந்த வரி?"

"நெனப்ப ஏத்தி வீட்டுக்கு வந்த பொறவு அந்த வார்த்தையும் இன்னைக்குச் சொன்னதா ஆயிட்டுல்லா. தெனம் காலையில தலையில அடிச்சுக்கிடுவாவ. 'ஏளா, உன்னைய இப்படிச் சொல்லிப்புட்டேனே. சொல்லிட்டு, அப்புறம் உன் மேல தப்பில்லன்னு ஏதும் சொன்னேனா? தேடுதேன், கிட்ட மாட்டேங்குது'ன்னு கேப்பாவ. மூணு நா பாத்தேன். நாலாம் நா, 'சொன்னிய, அன்னைக்கே சொன்னிய'ன்னு சொல்லிட்டேன். உடனே நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாவ. பொறவுதான் சோறு எறங்கிச்சு."

"அவருக்காகச் சொன்னீங்க."

"அவுகளுக்காகத்தான்." கொஞ்சம் யோசித்தாள். "எழுதி முடிச்சதும் எட்டிப் பாத்தேன். அவுக கையெழுத்துல இருந்துச்சு. எனக்கும் அது போதும்னு ஆயிட்டு."

பியூலா நோட்டின் அந்த வரியை மறுபடி பார்த்தாள். மறுமுனை தாங்காததை விட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள் கோமதியும். தான் செய்ததும் அதுதான். ஆனால் தன்னுடையது நாற்பது வரி படிக்கச் சோம்பல்பட்டவர்களுக்காகச் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தேதி ஏறிச்சுன்னா அவருக்குத் தெரிஞ்சிரும் அக்கா. நீங்க எப்பச் சொன்னீங்க, அவர் எப்ப எழுதினார், எல்லாம். வேணும்னா அந்தப் பக்கத்த எடுத்துரலாம். அது எங்கயோ விழுந்து போச்சுன்னு நான் சொல்லிருதேன்."

"அவுக இதுவரைக்கும் ஒரு தாளக் கிழிச்சதில்ல. நான் கிழிக்கவா?" கோமதி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "தெனம் காலையில புதுசாப் புள்ளைய மண்ணுல வச்சிட்டு வாராவ யம்மா. மொதல்ல அது நிக்கணும். நீ ஏத்து. பழையபடி பேசாம இருந்தா இருந்துட்டுப் போறாவ. எனக்குப் பழக்கந்தானே."

ஏற்றுவதற்கு ஆவுடையப்பனின் சம்மதம் வேண்டும். வழக்கமான படிவத்தில் 'மேம்பாடு' என்று ஒரே வரி இருக்கும். பியூலா அதைக் கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்றைக்கு நடந்ததாகத் தெரிகிறவை எல்லாம் அதனதன் தூரத்துக்குப் போய்விடும். முதல்நாள் வேலைக்குப் போன சந்தோஷமும் போய்விடும். நோட்டில் இருப்பதும் தலைக்குள் இருப்பதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் இறங்கியது. கோமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கரி மறந்து போயிருவாளா தாயி?"

"மறக்காது அண்ணாச்சி. தூரமா ஆயிருவா."

அவர் மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். "இவளுக்கு அவ போயி பத்தொன்பது வருஷம். எனக்கு இன்னைக்கு. ஒரே வீட்டுல, ஒரே புள்ளைக்கு, ஆளுக்கொரு பக்கமா நின்னு அழுதுக்கிட்டு இருக்கோம். நானும் அந்தப் பக்கம் போறதுதான் நியாயம். பேனாவக் குடுங்க."

வேலை நாற்பது நிமிடம். அதற்கு முன் பியூலா ஒன்று செய்தாள். பழைய எந்திரத்துக்குத் தேதியைக் கற்றுக்கொடுத்த கையோடு, மூன்று வருடங்களுக்கு முன் தான் எடுத்துவிட்ட பட்டியலை மென்பொருளுக்குள் திரும்ப வைத்தாள். ரகோத்தமனைக் கேட்கவில்லை. பொத்தானைத் தட்டியதும் இரண்டு எந்திரங்களும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. திரையில் வந்தது: 'மறுமுனைக்குத் தெரியாதவை: எதுவும் இல்லை.' மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்த மென்பொருள் சொன்னதை அவள் நம்பினாள்.

நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தவரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. சிரிப்புக்கும் அழுகைக்கும் தாவிக்கொண்டிருந்த முகம் ஓர் இடத்தில் அமர்ந்து, வயதுக்குத் தக்க முகமாக ஆனது. கண்ணைத் திறந்தார். எழுந்து நிற்க முயலவில்லை. யாரையும் விசாரிக்கவும் இல்லை.

"நோட்டு," என்றார்.

கோமதிதான் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையசைப்பு. மூன்றாவது ஸ்டேஜில் ஒரு சின்னப் புன்னகை. இந்த முறை அது பழைய சந்தோஷத்துக்கான புன்னகை. நாற்பத்தோராவது ஸ்டேஜில் விரல் நின்றது. அப்படியே இருந்தது.

பியூலாவுக்கு அறையை விட்டுப் போய்விட வேண்டும் போலிருந்தது. திரையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"கோமதி." ஏளா என்று கூப்பிடவில்லை. "இது தப்பா ஏறியிருக்கு."

"ஆமா."

"அன்னைக்கு நான் இதச் சொல்லல."

"இல்ல."

"பொறவும் சொல்லல."

"இல்ல."

"நான் கேட்டதுக்கு நீ 'சொன்னிய'ன்னு சொல்லியிருக்க. போன மாசம். அடுக்களையில வச்சு."

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நாற்பத்தொன்று என்ற எண் தொடங்கி 'ஆஸ்பத்திரி வராந்தா' வரைக்கும் மேலே ஒரே ஒரு கோடு இழுத்தார்; 'உன் மேல் தப்பில்லை கோமதி என்று நான் சொன்னது' என்பதைத் தொடவில்லை. கோட்டுக்கு அடியில் இருந்தது படிக்கத் தெரிந்தது.

"தாயி, இன்னைக்கு என்ன தேதி?"

பியூலா சொன்னாள். அவர் அதைக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார். அதற்குப் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் போட்டார், 'ன்' மேல் புள்ளியை மறக்காமல். பிறகு நோட்டைத் திருப்பி, மனைவி படிக்க வாகாக நீட்டினார்.

கோமதி வாங்கிப் படித்தாள். ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவையும் படித்தாள். நோட்டை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதினாப் போதுமா? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்றாள். "சொல்லுங்க."

அவர் சொன்னார்.